பூச்சி ஒட்டாத ரேடியேட்டர்

லொரேன் ஷிர்மரின் பழைய கார் ஊருக்குள் ஓடும்போது எந்தத் தொந்தரவும் தராது. தபால் நிலையம், பேக்கரி, பெட்ரோல் பங்க் என்று எவ்வளவு சுற்றினாலும் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் நூறைத் தொட்டதும்தான் முள் சிவப்புப் பக்கம் நகரும். எண்பதுக்குக் குறைத்தால் மெல்ல இறங்கிவிடும்.

எண்பதிலேயே போகலாமே என்றால், முடியாது. லொரேன் தபால் ஒப்பந்தக்காரர். தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டா நகரத்துக்கு வடக்கே பதினோரு ஆட்டுப் பண்ணைகளுக்கு வாரம் இரண்டு நாள் தபால் கொண்டுபோகிறார். கடைசிப் பண்ணையில் நாலு மணிக்குள் பை இறங்க வேண்டும். இந்த மாதம் இரண்டு முறை தாமதம். இன்னொரு முறை தாமதமானால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போகும் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தையும் அவரேதான் தன் பையிலிருந்து எடுத்துத் தனக்குக் கொடுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த அம்மாள் கொண்டுபோவது தபால் மட்டுமல்ல. ரத்த அழுத்த மாத்திரை, டிராக்டர் பெல்ட், வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளின் பாடப் பொட்டலம். ஒரு முறை கல்யாண கேக்கின் மேல் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினாராம். எந்தப் பண்ணை எந்தப் பண்ணையோடு பேசுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதை மட்டும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்.

வியாழக்கிழமை மாலை ட்ரெவ் நான்கிவெல் வந்தார். எங்கள் எதிர்வீடுதான் லொரேனின் வீடு என்பதால் எல்லாமே காதில் விழுந்தது. ஊரின் ஒரே மெக்கானிக்கான ட்ரெவ், லொரேனோடு ஒரே வகுப்பில் படித்தவர். தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் ஏற்கெனவே மாற்றிப் பார்த்துவிட்டார்.

"இனி மாத்த வேண்டியது டிரைவரைத்தான்," என்றார்.

"உன் மூளைய மாத்தியிருந்தா போன வாரமே முடிஞ்சிருக்கும்டா."

லொரேன் இன்ஜினை உறுமவிட்டார். ட்ரெவ் குனிந்து ரேடியேட்டரின் கீழ்க்குழாயைப் பார்த்தார். "வேகத்துல குழாய் சப்பி ஒட்டிக்குதோன்னு நெனச்சேன். இல்ல, தண்ணி நல்லாத்தான் ஓடுது." பிறகு டார்ச்சை ரேடியேட்டரில் அடித்தார். "இதுலயும் அடைப்பு இல்ல. உன் அடுப்பங்கரையவிடச் சுத்தமா இருக்கு, அம்மணி."

லொரேன் தெருவில் நின்ற ட்ரெவின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக வெட்டுக்கிளிக் கூட்டம். ட்ரெவின் வண்டி முகப்பு முழுக்க வெட்டுக்கிளிகள் கருவாடு போலக் காய்ந்து அப்பிக் கிடந்தன.

"வாரம் ஆயிரத்தி இருநூறு கிலோமீட்டர் ஓட்றேன். என் ரேடியேட்டர் ஏன்டா சுத்தமா இருக்கு?"

"கழுவியிருப்ப."

"நான் என்னைக்குடா காரைக் கழுவினேன்?"

இருவரும் புழுதியில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார்கள். வெட்டுக்கிளிகள் எல்லாம் அங்கே, குறுக்குச் சட்டத்தில் ஒட்டியிருந்தன.

"காத்து ரேடியேட்டருக்குள்ள போகவே இல்ல," என்றார் ட்ரெவ். "அடியில பூந்து ஓடிடுது. ஊருக்குள்ள மெதுவாப் போறப்ப ஃபேன் இழுத்துக்கும். வேகத்துல காத்து தானா உள்ள வரணும். ஏய், காத்த ரேடியேட்டர் பக்கம் திருப்பிவிட பம்பருக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்குமே, அது எங்க?"

எங்கள் பக்கம் அந்தத் தகட்டை யாரும் விட்டுவைப்பதில்லை. மண் பாதையில் உரசும், நகரத்துக்காரர்களின் அலங்காரம் என்று பிடுங்கிப் போட்டுவிடுவோம். உயரமான வண்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. தாழ்ந்த பழைய காருக்கு அது வேலை செய்கிற உறுப்பு என்று யாரும் யோசித்ததே இல்லை.

லொரேன் மெதுவாகக் கோழிக்கூண்டைக் கை காட்டினார். போன மாதம் பிடுங்கிய தகட்டில் ஆறு கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"நான் உனக்குப் புது பம்ப் போட்டேன், தாயே!"

"கத்தாத. முட்டை போடாம நிறுத்திடப் போகுதுங்க."

தகட்டை எடுக்கப்போன ட்ரெவின் கையில் ஒரு கோழி கொத்தியது. லொரேன் உள்ளே போய்த் தன் பெரிய கேக் தட்டைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி வைத்தார். தகடு நாலு போல்ட்டும் கொஞ்சம் வேலிக்கம்பியுமாகப் பழைய இடத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்கு ட்ரெவின் பட்டறையில் போன் அடித்தது. கடைசிப் பண்ணையிலிருந்து லொரேன்.

"பை எறங்கிடுச்சு. நூத்திப் பத்துல வந்தேன், முள்ளு அசையல. ரேடியேட்டர் பூரா வெட்டுக்கிளிடா, பாக்கவே அழகா இருக்கு."

"கோழிங்க?"

"என் கேக் தட்டுல குடிக்குதுங்க. இந்த வருஷம் உன் பொறந்தநாளுக்குக் கேக் கெடையாது, ரொட்டிதான்."