அதே வாணலி

டிக்கெட் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருடமாகப் பயண அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரையே வெளிநாட்டுக்கு அனுப்பியவள், தான் மட்டும் விமானம் ஏறியதில்லை. காரணம் அவள் மகன். வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவனுக்குத் தொண்டை அடைத்துவிடும். "கடலையே சேர்க்கலைங்க" என்று ஒரு ஹோட்டல்காரர் சத்தியம் செய்த அன்றைக்குத்தான் அவனை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது அவள் தம்பிக்கு வெளிநாட்டில் கல்யாணம். போகாமல் தீராது. மாலைக்குள் அறையை உறுதிசெய்தாக வேண்டும். அந்த ஊரில் தமிழர்கள் நடத்தும் ஆறு ஹோட்டலுக்குப் போன் போட்டாள். வரவேற்பறையோடு நிற்காமல் சமையல்காரரையே கூப்பிடச் சொல்லி ஒரே கேள்வி கேட்டாள்: கடலை வறுத்த வாணலியில்தான் மற்றதையும் வறுப்பீர்களா? ஆறு பேரும் கேட்ட வாய் மூடுமுன் "இல்லை" என்றார்கள். ஆறு பெயரையும் அடித்துவிட்டாள்.

"இல்லைன்னுதானே சொல்றாங்க. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" என்றார் கணவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"யோசிக்காம சொல்றாங்களே, அதான் பயமா இருக்கு."

ஏழாவது சமையல்காரர், "இருங்க, பார்த்துட்டு வரேன்" என்றார். போனை மேஜைமேல் வைத்துவிட்டு எங்கோ போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று.

"ஆமாங்க, ஒரே வாணலிதான்," என்றார் திரும்பி வந்தவர். "பையனை இங்க கூட்டிட்டு வராதீங்க."

"அங்கதான் வர்றோம்," என்றாள் அவள். "வாணலி நான் கொண்டு வரேன்."