கை ஓங்காத பிள்ளை

போன வாரம் இங்கே ஒரு கடையில் சாமான் தள்ளுவண்டியால் ஒருவன் என் குதிகாலில் இடித்தான். லேசாக இல்லை, தோல் உரிந்து காலுறை நனைகிற அளவுக்கு. திரும்பிப் பார்த்தேன். இருபது வயதுப் பையன், காதில் பாட்டு, என்னைக் கவனிக்கவே இல்லை. நான் அவனிடம் "சாரி" என்றேன். இடித்தவன் அவன், சாரி சொன்னவன் நான். என் வீட்டுக்காரி அங்கேயே நின்று சிரித்தாள்.

"ஏனுங்க, அவன் இடிச்சதுக்கு நீங்க எதுக்குங்க சாரி கேக்கறீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க பெரிய சண்டைக்காரருன்னு எங்க மாமா சொன்னதெல்லாம் பொய்யுங்களா?"

பொய்யில்லை. ஆனால் கனடாவில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய பிறகு அதை நிரூபிக்க என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. வீட்டுக்கு வந்து காலுறையை அலசும்போது ரத்தத்தின் இரும்பு வாடை அடித்தது. அந்த வாடை வந்தால் எனக்குக் கணபதி டூல் ரூம் ஞாபகம் வந்துவிடும். மற்றவர்களுக்கு மல்லிகைப் பூவும் மண்வாசனையும் என்றால், எனக்கு இது. என்ன செய்வது, அவரவர் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூர் கணபதியில் பம்பு செட்டுகளுக்கு டை, அதாவது இரும்பு அச்சு, செய்கிற ஒரு பட்டறையில் எனக்கு வேலை. அங்கே பத்து விரலும் முழுசாக வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். பவர் பிரஸ் எடுத்துக்கொண்டது போக மீதிதான் மற்றவர்களுக்கு. விரல் துண்டான ஆளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மிஷினைத் துடைத்து, பத்து நிமிடத்தில் அடுத்த ஆளை உட்காரவைப்பார்கள். ஃபோர்மேனுக்குக் கோபம் வந்தால் வெர்னியர் என்கிற அளவுகோலைத் தவிர கைக்குக் கிடைத்ததை எல்லாம் எறிவார். வெர்னியர் விலை அதிகம், எங்கள் மண்டை அப்படி இல்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது, மூக்குக்கு மேலே கோபம். ஏதோ வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொன்னது என்னைப் பார்த்துத்தான். சூலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் "தள்ளி நில்லுப்பா" என்று சொன்ன குற்றத்துக்காக ஒருவர் நெற்றியில் டீ கிளாஸை உடைத்திருக்கிறேன். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்கப் போய், தரகரின் பல்லைத் தட்டிவிட்டு, மாடு இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

அப்படித் திரும்பி வரும் நாளில் என்னை அடிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார். பொன்னுச்சாமி அண்ணன். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு சூலூருக்குத் தெற்கே இருந்த மூன்று ஏக்கர் தோட்டத்தையும் என்னையும் வளர்த்தவர் அவர்தான். கேள்வி கேட்க மாட்டார். பின்னால் வந்து பிடரியில் ஒன்று வைப்பார், கண்ணில் பூச்சி பறக்கும். "டேய், மூதேவி! யாரு மண்டைய ஒடைச்சுப்போட்டு வாரே?" என்பார். அடித்த கையாலேயே தட்டை எடுத்து வைத்து, "தின்னு" என்பார். அந்த அடி விழுந்த பிறகுதான் எனக்குப் பசியே எடுக்கும்.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஒருவர் இருந்தார். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, இங்கிலீஷுக்கு இத்தனை, கைத்தொழிலுக்கு இத்தனை என்று விரல்விட்டு என் புள்ளிகளைக் கூட்டினார். டை செய்கிறவனுக்கு அந்த ஊரில் ஏக கிராக்கியாம். குடியுரிமை இல்லாவிட்டாலும் காலத்துக்கும் அங்கேயே இருக்கலாம், பி.ஆர். என்று அதற்குப் பெயர். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கடைசியில் ஃபைலை மூடிக்கொண்டு அவர் சொன்னதுதான் முக்கியம்.

"போலீஸ் சர்டிபிகேட் ஒண்ணு வேணுமுங்க. உங்க பேர்ல ஒரு கேசு, ஒரு பெட்டிசன் இருக்கப்படாது. ஸ்டேசன்ல இருந்து உங்க ஊட்டுப்பக்கம் வந்து விசாரிப்பாங்க. விசா குத்தற வரைக்கும் ஈ எறும்பு மேலகூடக் கை வெச்சுப்போடாதீங்க."

அண்ணனிடம் வந்து சொன்னேன். அவர் அப்போது வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, பிடரியில் ஒன்று வைத்தார். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று விழித்தேன்.

"இது முன்கூட்டியே. நாயி கடிச்சாலும் நீ திருப்பிக் கடிக்கப்படாது, தெரியுதாடா? ஒருத்தனாச்சும் இந்தக் கெணத்துத் தண்ணிய நம்பாமப் பொழைக்கோணும்."

பொறுத்துக்கொண்டேன். முதல் மாதம் ஃபோர்மேன் எறிந்த சுத்தியல் தோளில் பட்டது, குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பஸ் கண்டக்டர் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டார், இறங்கிக்கொண்டேன். டீக்கடையில் என்னிடம் நெற்றி உடைபட்ட ஆளுக்கு, நான் திருப்பி அடிக்க மாட்டேன் என்ற செய்தி எட்டிவிட்டது. நடு பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, நிதானமாக என் கன்னத்தில் மூன்று அறை அறைந்தார். எண்ணிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரில் குத்தியதில் முட்டியெல்லாம் தோல் கிழிந்துவிட்டது. ஊருக்குள் ஒரு விஷயம் பரவுவதற்குக் கேட்கவா வேண்டும்? ஆறே மாதத்தில் சூடு சொரணை இல்லாதவன் என்று பெயர் எடுத்துவிட்டேன். நாலாம் மாதத்துக்கு மேல் அடி விழும்போது கை நடுங்குவதும் நின்றுவிட்டது. நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், மடையன்.

இனி கிணற்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் ஊர்க்கதை பேசியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

எங்கள் கிணறு பங்காளிக் கிணறு. இரண்டு நாள் தண்ணீர் எங்கள் முறை, அடுத்த இரண்டு நாள் பெரியப்பா மகன் சின்னராசுவின் முறை. மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான் வரும். எங்கள் முறையில் கரண்டே வராமல் போனால் என்ன செய்வது? அப்பா காலத்தில், போன நேரத்தை மறுநாள் காலையில் விட்டுக்கொடுப்பார்கள். சின்னராசு தலையெடுத்த பிறகு, கரண்ட் போனால் முறையும் போச்சு என்றார். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு கேள்விக்கு எத்தனை மண்டை உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உடைந்தது எல்லாம் மம்பட்டிக் காம்பால்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் முறையின் இரண்டு நாளும் கரண்ட் வரவில்லை. வெங்காயத் தாள் நுனி கருகிக் கிடந்தது. மூன்றாம் நாளான அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் அண்ணன் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். நான் கிணற்று மேட்டில் ஒழுகிக்கொண்டிருந்த பைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன், கையில் பதினெட்டு அங்குல பைப் ரெஞ்ச். சின்னராசுவும் அவருடைய இரண்டு மச்சினன்களும் வரப்பில் வந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு யாரு முறைங்க?" என்றார் சின்னராசு. எங்கள் ஊரில் அடிப்பதற்கு முன்னாலும் மரியாதை குறையாது.

"ரெண்டு நாளாக் கரண்டு வரலையேப்பா. வெங்காயம் கருகுது. ரெண்டு மணி நேரம் உட்டுக்குடு" என்றார் அண்ணன்.

சின்னராசு மோட்டார் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தார், மோட்டார் நின்றது. அண்ணன் அவர் கையைப் பிடித்தார். அவ்வளவுதான், மச்சினன் ஒருவன் மம்பட்டிக் காம்பால் தோளில் போட்டான். அண்ணன் வாய்க்காலில் விழுந்தார். இரண்டாவது அடி தலைக்கு வந்தது. அண்ணன் வலது கையைத் தூக்கித் தடுத்தார். முழங்கையில் பட்டு, முருங்கைக் கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. இன்னொருவன் வாயில் மிதித்தான். வாய்க்கால் தண்ணீர் சிவந்து பாத்தியை நோக்கிப் போனது.

சின்னராசு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, கையிலிருந்த ரெஞ்சை. மச்சினன் இரண்டு அடி பின்வாங்கினான். என் பழைய பெயர் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. நான் யாரையும் அடித்திருக்கக்கூட வேண்டாம், ஓர் எட்டு முன்னால் வைத்திருந்தால் போதும், ஓடியிருப்பார்கள். இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

நான் குனிந்து ரெஞ்சைத் தரையில் வைத்தேன்.

"டேய்!" என்று அண்ணன் ஒரே ஒரு தடவை கத்தினார். வா என்று கூப்பிட்டாரா, வராதே என்று தடுத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ரெஞ்ச் தரைக்குப் போனதும் அவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. மறுபடியும் அடித்தார்கள், இந்தத் தடவை அவசரமில்லாமல். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடவில்லை ஐயா. அப்போது என் மண்டையில் ஓடியது என்ன தெரியுமா? காந்திபுரத்து ஃபைல் மேல் எழுதியிருந்த நம்பர். கடவுள் சத்தியமாக அதுதான் ஓடியது. வெட்கம்கெட்டவன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, உடைந்த பல்லோடு அண்ணன், "கெணத்துப் படியில வழுக்கி உளுந்துட்டேனுங்க" என்றார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. அடிபட்டவன் ஸ்டேஷனுக்குப் போனால் அடித்தவனும் போவான், எங்கள் பக்கத்து வழக்கம். அவன் எழுதிக்கொடுக்கும் எதிர்ப் புகாரில் வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் இருக்கும். என் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறக்கூடாது என்பதற்காக அண்ணன் அடித்தவர்களையே விட்டுவிட்டார். வெங்காயம் காய்ந்தது. கையில் பிளேட் வைத்தார்கள். அந்தக் கை அதன் பிறகு நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று நான் பக்கத்தில் போய் நின்றேன். "நேரமாச்சுங்க தம்பி. வேலைக்குப் பொறப்படுங்க" என்றார். பெண் கொடுத்த வீட்டாரிடம் பேசுகிற குரல் அது.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு ஏட்டு வந்தார். பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தா எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். "பையன் எப்படிம்மா? சண்டை சச்சரவுக்குப் போவானா?" என்று அவளிடம் கேட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், அண்ணன் வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"முந்தி போவானுங்க. இப்பத் தங்கமான புள்ளைங்க" என்றாள் மயிலாத்தா. "அவங்கண்ணனக் கண்ணு முன்னாடி போட்டு மிதிச்சாங்க. அப்பக்கூடக் கை ஓங்காத புள்ளைங்க."

ஏட்டு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு "போதும்மா" என்று மூடி வைத்தார். மயிலாத்தாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். சர்டிபிகேட் வந்தது, விசா வந்தது. கோயம்புத்தூர் ஜங்ஷனில் என் பெட்டியை அண்ணன் இடது கையால் தூக்கி ரயிலில் வைத்தார்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றை மூடி, மஞ்சள் கல் நட்டு, மனை பிரித்திருக்கிறார்கள். எந்த இடத்தில் ரெஞ்சை வைத்தேன் என்று தேடினேன், தெரியவில்லை. ஒரு கல்யாணத்தில் சின்னராசு பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து, "எப்ப வந்தீங்க கண்ணு?" என்றார். "போன வாரமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே கோபம் கொஞ்சமாவது கிளம்புகிறதா என்று பார்த்தேன். அந்த இடமும் மூடிக் கிடந்தது.

கனடாவுக்குத் திரும்பும் நாள் காலையில் அண்ணனும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அண்ணி காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். முப்பது வருடமாக வாயில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னைக்கு நான் ரெஞ்சக் கீழ வெச்சுப்போட்டேன். ஒரு எட்டு வெச்சிருந்தாப் போதுமுங்கண்ணா, ஓடியிருப்பாங்க."

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, பிடரியைக் காட்டினேன். "ஒண்ணு வைங்கண்ணா. எடது கையிலயாச்சும் வைங்க."

காத்திருந்தேன். அண்ணனின் இடது கை அசைகிற சத்தம் கேட்டது. டம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"காப்பி ஆறிப்போச்சுங்க தம்பி. சித்த சூடு பண்ணித் தரச் சொல்லட்டுங்களா?"