ஓடுபாதையின் ஓரத்தில் என் முகம்

வாசகரே, மேடைகளில் எத்தனையோ பேரை நடுவராக வைத்துப் பேசியவன் நான். உங்களை அந்த நாற்காலியில் அமர்த்தப் போவதில்லை. தீர்ப்புச் சொல்பவருக்குச் சற்றுத் தொலைவு வேண்டும். எனக்கு வேண்டியதோ அருகில் நிற்கும் ஒரு சாட்சி. மூக்கைப் பொத்தாமல் என்னோடு அந்த வேலியோரம் வரை வாருங்கள். பின்னால் யாரேனும் கேட்டால், பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கேரளப் பக்கத்தில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளி நாளிலிருந்தே தென்னந்தோப்பில் நின்று குரலைப் பழக்கியவன் நான். எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கை உயர வேண்டும், கைதட்டலை எத்தனை நொடி ஓடவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது போலப் பழக்கம். இந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில், எல்லைகள் மனிதரைப் பிரிக்கின்றனவா என்ற தலைப்பில் மறுத்துப் பேசி முதற்பரிசு பெற்றேன். ‘எல்லை என்பது வரைபடத்தில் கிடக்கும் ஒரு கோடு, காற்று அதை அறியாது, கண்ணீர் அதை அறியாது’ என்று முடித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. அதைக் குறிப்பிடுவதில் எனக்கு அன்று பெருமை இருந்திருக்கும். இன்று அந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது.

ஊர் என்னைக் கொண்டாடியது. ஊர் முக்குச் சந்தியில் இரண்டு கம்பங்கள் நட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் பதாகை கட்டினார்கள். ஒலிவாங்கியின் முன் வாய் திறந்து, சுட்டுவிரல் உயர்த்தி நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முந்நூறு பேருக்குக் கோழி பிரியாணி. எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் என் சித்தப்பா.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் என் அத்தை மகன் என்னை விமானம் பார்க்க அழைத்துப் போனான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மின்பணியாளன். விடுமுறை கிடைத்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவைப் பக்கமுள்ள போர் விமானத் தளத்துக்குப் போய்விடுவான். மதிலுக்கு வெளியே, ஓடுபாதையின் முனைக்கு நேராக ஒரு தோட்டம் அவனுக்குப் பிடித்த இடம். படம் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அவன் அதை வேதமாகவே கொண்டிருந்தான். செல்பேசியை அணைத்து வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிடுவான். ஒரு கட்டுரை நோட்டும் பேனாவும் மட்டும். என்ன வகை, எத்தனை மணி, இறங்கியதா ஏறியதா: அவ்வளவுதான் எழுதுவான். கண்ணுக்குத் தெரியும் முன்பே ஓசையை வைத்து வகையைச் சொல்லிவிடுவான்.

பொள்ளாச்சியைத் தாண்டி, பெரிய சாலையை விட்டு இறங்கி, இருபுறமும் கள்ளிவேலி போட்ட வண்டித்தடமான இட்டேரிக்குள் வண்டி நுழைந்தது. மாட்டுவண்டி ஒன்று போகுமளவு அகலம். ஒருபுறக் கள்ளிக்கு அப்பால் தளத்தின் முள்கம்பி வேலியும் மதிலும், மறுபுறம் சோளக்காடு. நுழைந்த சில நிமிடங்களில் அந்த நாற்றம் வந்தது. முதலில் இனிப்பாக வந்தது, அதுதான் அருவருப்பு. அழுகிய பழம் போலத் தொடங்கி, அடுத்த மூச்சில் தொண்டைக்குள் ஈரத்துணியைத் திணித்தது போல ஆயிற்று. கைக்குட்டையை எடுத்து முகத்தைக் கட்டிக்கொண்டேன்.

“போன மாசம் இப்படி இல்லை மாப்ள,” என்றான் அத்தை மகன்.

இட்டேரியின் வளைவில் கிடந்தது குவியல். பிளாஸ்டிக் மூட்டைகள், கிழிந்த சாக்குகள், அவற்றிலிருந்து வழிந்த கோழிக்குடல், இறகு, கால்கள். ஈக்கள் ஒரு போர்வையாகப் படிந்திருந்தன. நாங்கள் கடந்தபோது அந்தப் போர்வை எழுந்து, திரும்பப் படிந்தது. மேலே இருபது, முப்பது பருந்துகள் வட்டமிட்டன.

தோட்டத்துக்காரி அங்கேயே வெள்ளாடுகளோடு நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, கையில் தொரட்டி. கிணற்றுத் தொட்டியின் சுவரில் ஏறி நின்று விமானம் பார்க்க என் அத்தை மகனுக்கு அனுமதி கொடுத்திருப்பவர் அவர்தான். அவனைப் பார்த்ததும் எப்போதும் சிரிப்பாராம். அன்று வண்டியின் எண்பலகையைத்தான் பார்த்தார்.

“கேரளா வண்டிங்களா? ஏனுங்க, இத்தனை நாளா நான் கவனிக்கலியே.”

“ஆமாங்கக்கா. என்னங்க இது, தடமெல்லாம்?”

“உங்க ஊருச் சீதனமுங்க. வெடியக்காலத்துல கோழி வண்டி வருது, கூண்டெல்லாம் வெறுசா. கூண்டுக்கடியில மூட்டை. கொட்டீட்டு, அந்தாண்ட பண்ணையில உசுருக்கோழி ஏத்தீட்டுப் போயிருதுங்க. அஞ்சாறு நாளா இந்தக் கூத்து.”

பருந்து கூடுவதால் விமானத்துக்கு ஆபத்து என்று தளத்திலிருந்து ஆட்கள் வந்து எச்சரித்திருந்தார்களாம். இட்டேரி தளத்துக்குச் சொந்தமான நிலத்தில் போகிறது. இதுவரை பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்க்கும்போது குப்பை இருந்தால் இட்டேரியை இரண்டு முனையிலும் அடைத்துவிடுவார்கள்.

“அடைச்சாங்கன்னா என்ற காட்டுக்கு நான் றெக்கை கட்டிக்கிட்டுத்தான் வரோணும். கெணறு உள்ள, ஆட்டுப்பட்டி உள்ள. வேற தடம் ஏதுங்க எனக்கு? கூலிக்கு ஆளைக் கூப்புட்டா, இந்த நாத்தத்துல ஒருத்தரும் கை வெக்கறதில்லைங்க.”

இந்த இடத்தில் நான் பேசினேன். கேட்காமலே பேசினேன். கைக்குட்டைக்குள்ளிருந்து, நல்ல ஏற்ற இறக்கத்தோடு. யாரோ சிலர் செய்யும் தவற்றுக்கு ஒரு மாநிலத்தையே பழிப்பது முறையா என்று கேட்டேன். எங்கள் ஊரில் தெருவில் ஓர் எச்சில் இலையைப் பார்க்க முடியாது, பஞ்சாயத்துப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கைக் கழுவி வைத்தால்தான் வாங்கிப் போகிறார்கள் என்றேன். எங்கள் ஊரார் இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று மும்முறை, மூன்று வெவ்வேறு சுருதியில் சொன்னேன். சுட்டுவிரல்கூட உயர்ந்தது.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு ஆட்டை ஓட்டியபடியே சொன்னார்:

“நல்லாத்தான் பேசறீங்க தம்பி. அந்தத் துணியை அவுத்துப்போட்டுட்டு இதையே சித்தெ பேசுங்க, பார்க்கலாம்.”

அத்தை மகன் சிரிப்பை அடக்கத் தொட்டிச் சுவரில் ஏறிவிட்டான். நானும் ஏறினேன், காது சிவந்து.

ஒரு ஹெலிகாப்டர் போயிற்று, எழுதிக்கொண்டான். பத்து மணி வாக்கில் அவன் தலையைச் சாய்த்து, “சரக்கு விமானம், ரெண்டு விசிறி,” என்றான். சற்று நேரம் கழித்தே கிழக்கில் அது புள்ளியாகத் தெரிந்தது. சக்கரங்களைக் கீழே விட்டு, மூக்கைச் சற்றே நிமிர்த்தி, அவசரமில்லாமல் எங்களை நோக்கி இறங்கியது. சாம்பல் நிற வயிறு தெளிவாகத் தெரிந்த நேரம். குவியலில் இரண்டு நாய்கள் சண்டையிட்டன. இரை பொறுக்கிக்கொண்டிருந்த பருந்துகள் மொத்தமாக எழும்பின, விமானத்தின் பாதைக்கு நேராக.

“அய்யோ, போகாதே, போகாதே,” என்று அத்தை மகன் பருந்துகளிடமா விமானத்திடமா என்று தெரியாமல் கத்தினான்.

எந்திரங்கள் உறுமின. மூக்கு சட்டென மேலே நிமிர்ந்தது. தொட்டித் தண்ணீர் அதிர, விமானம் எங்கள் தலைக்கு மேலே இறங்காமலே கடந்து, சக்கரங்களை உள்ளிழுத்து, வளைந்து ஏறியது. மதிலுக்குள் பறவை விரட்டுபவர்கள் வெடி போட்டார்கள். அத்தை மகன் நோட்டில் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

தோட்டத்துக்காரி தொரட்டியோடு நாய்களை நோக்கி ஓடினார். நானும் இறங்கி ஓடினேன். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கல்லெடுத்து எறிந்தேன். ஒரு நாய் தான் கவ்வியிருந்த மூட்டையை விடாமல் பின்வாங்க, மூட்டையைச் சுற்றியிருந்த தடித்த ஃபிளெக்ஸ் துணி அவிழ்ந்து விரிந்தது.

வாசகரே, இப்போது பாருங்கள்.

முதலில் சுட்டுவிரலைக் கண்டேன். பிறகு ஒலிவாங்கியை. பிறகு திறந்த வாயை. அந்த வாயின் மேல் வாழையிலையும் கோழித்தோலும் சோற்றுப் பருக்கையும் ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கிடையே வெள்ளைப் புழுக்கள் மெதுவாக நெளிந்தன. ஒரு கண்ணைக் குடல் மறைத்திருந்தது. மற்றொரு கண் என்னைப் பார்த்தது. கீழே, ‘எல்லைகளை வென்ற எங்கள் சிங்கமே’ என்ற வரி கொழகொழத்த நீரில் மிதந்தது.

கைக்குட்டையை அவிழ்த்து இட்டேரியின் ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தேன். நாற்றத்தால் மட்டும் என்று சொன்னால் சாட்சியான நீங்களே சிரிப்பீர்கள். விருந்தன்று இலைகள் மலையாகக் குவிந்தபோது, “இதையெல்லாம் என்ன பண்ணறதுங்க சித்தப்பா?” என்று நானே கேட்டேன். “அது அக்கரைக்குப் போயிரும். கோழி வண்டி வெறுசாப் போகக் கூடாதல்லோ,” என்றார் அவர், பாயசத்தை உறிஞ்சியபடி. பஞ்சாயத்து கழுவிய பிளாஸ்டிக்கை வாங்கும். எச்சிலையும் குடலையும் வாங்காது. அதற்கு எங்கள் ஊர் கண்ட வழி எல்லைக்கு அந்தப் பக்கம், அக்கரை. அங்கே யார் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாழ்த்து மாலைக்குக் கழுத்தை நீட்டப் போய்விட்டேன். ஃபிளெக்ஸ் கிழியாத துணி, மூட்டை கட்ட நல்லது என்பதும் எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்ததே.

நிமிர்ந்தபோது முதலில் செய்தது என்ன தெரியுமா? காலால் அந்தத் துணியைப் புரட்டி முகத்தை மண்ணுக்குள் மறைத்தேன். யோசிக்காமல் செய்தேன், அதனால்தான் என் வலது காலை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

தோட்டத்துக்காரி தொரட்டியால் அதைத் திரும்பப் புரட்டினார். துணியைப் பார்த்தார். கைக்குட்டை இல்லாத என் முகத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“வாய் தொறந்தே இருக்குது. பேசுங்களே இப்ப.”

அத்தை மகன் என் தோளில் கை வைத்தான். “படமெடுத்துட்டுப் போய்க் காட்டலாம்னா இங்க எடுக்கவும் கூடாது. சொன்னா நம்ப மாட்டாங்க மாப்ள. மாமன் தமாஷா ஆக்கிருவாரு,” என்றான்.

ஆகவே துணியையே எடுத்துப் போவதென்று முடிவு செய்தேன். வெறும் கையால் அதை உதறினேன். புழு முழங்கைவரை தெறித்தது. நான்காக, எட்டாக மடித்து, வண்டி இருக்கையில், எனக்கும் அவனுக்கும் நடுவில் கயிற்றால் கட்டினேன். சோதனைச்சாவடியில் நிறுத்தினால் பிரித்துக் காட்டுவேன். ஊர் முக்கில் அதே இரண்டு கம்பங்களில் அதைக் கழுவாமல் திரும்பக் கட்டுவேன். அதைப் பார்த்த பிறகு சித்தப்பா எப்படிப் பாயசம் குடிக்கிறார் என்று பார்த்துவிடுகிறேன்.

தோட்டத்துக்காரி எதையும் நம்பியவராகத் தெரியவில்லை. நாய்களுக்குப் பயந்து ஆடுகளை எண்ணிப் பட்டிக்குள் விட்டு, படலைச் சாத்தித் திரும்பினார். நான் அவர் முன் போய் நின்றேன். கை உயரவில்லை. குரலில் எந்தச் சுருதியும் இல்லை. மூக்கில் துணியும் இல்லை.

“நாளைக்கு அதே கோழி வண்டியை வெறுசாக் கொண்டுக்கிட்டு வர்றனுங்கக்கா, பட்டப்பகல்ல, என்ற சித்தப்பாவையும் ஏத்திக்கிட்டு. கடைசி எறகு வரைக்கும் நான் கையால அள்ளிக் கொண்டுபோய் எங்க தோப்புல பொதைக்கறனுங்க. திங்கக்கெழமை உங்க தடம் தடமாத்தான் இருக்கும்.”