நத்தைக்குக் கீரை வைத்தவர்

என் அக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்ன வயதில் தன் பொம்மையை உடைத்த சித்தப்பா மகனிடம் அவள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிற தங்கை நான், எனக்குத் தெரியாதா?

அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஓடில்லாத நத்தைகளை வளர்த்தாள். சீண்டினால் அவற்றின் முதுகில் ஒரு பிசின் சுரக்கும். ஈரத்திலும் விடாமல் ஒட்டும். அறுவை சிகிச்சையில் தையல் நிற்காத இடங்களை அதைப் போன்ற ஒரு பசையால் மூடலாம் என்பது அவள் கணிப்பு. அதற்குப் பணம் கேட்டுக் கூட்டத்தில் நின்றபோது கணக்கதிகாரி, "நத்தைக்குக் கீரை வாங்கிப் போடவா மேடம் இந்த இடம் நடக்குது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரிக்கிறார்கள் என்று அக்கா பார்த்துக்கொண்டாள்.

பணம் தராததோடு விட்டாரா அந்த மனுஷன்? விடுமுறை முடிந்து போனபோது மாடிப்படிக்குக் கீழிருந்த அவள் அறை காலி; நத்தைத் தொட்டிகள் வெளியே கிடந்தன. தொட்டிகளில் உப்பைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். உப்புப் பட்டால் நத்தை என்ன ஆகும் என்று தெரிந்தே செய்த வேலை. பாவி! மூடிகளின் அடியில் ஒட்டிப் பிழைத்திருந்த சிலதை ஈரத்துணியில் சுற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்கள் குளியலறையில் அவை குடியேறின. பல வருடம் நான் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குளித்தேன்.

அப்புறம் ஒரு மருத்துவக் கல்லூரி அவளை நம்பியது. எப்போது முடியும் என்று நச்சரிக்காமல் வருடக்கணக்கில் பணம் போட்டது. முதலில் செய்ததெல்லாம் சொதப்பல்; ஒன்று ஒட்டவே இல்லை, இன்னொன்று சதையைப் புண்ணாக்கியது. இன்று அவள் பசை, துடித்துக்கொண்டிருக்கும் குழந்தை இதயத்தில் ஓட்டையை அடைக்கிறது.

உடனே பழைய இடத்துக்கு அவள் ஞாபகம் வந்துவிட்டது. அவள் திரும்பி வந்தால்தான் காசு என்று முதலீட்டாளர்கள் சொல்லிவிட்டார்களாம். அழைக்க வந்தவர் அதே கணக்கதிகாரி. இவள் வராவிட்டால் அவருடைய பதவி நீட்டிப்பு அம்பேல். கதவைச் சாத்து என்று நான் கண்ணைக் காட்டினேன். அவளோ உட்காரச் சொன்னாள். அவருடைய பெரிய ஏசி அறை நத்தைகளுக்கு வேண்டும், அவர் மாடிப்படிக்குக் கீழே போக வேண்டும், தினமும் காலையில் அவர் கையாலேயே கீரை வைக்க வேண்டும் என்றாள். மனுஷன் தலையாட்டினார்.

முதல் நாள் பார்க்கவென்றே லீவு போட்டுவிட்டுப் போனேன். கீரையை நீட்டியவர் பதற்றத்தில் ஒரு நத்தையை அழுத்திவிட்டார். விரலெல்லாம் மஞ்சள் பிசின். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்று கூட்டத்தில் சிரித்தவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களை வரச் சொன்னது அக்காதான்.

"தண்ணியில போகாது சார்," என்றாள் அவள். "அதுக்குத்தான் அன்னிக்கு உங்ககிட்ட காசு கேட்டேன்."