இடம் மாறிய சோபா

என் கொழுந்தனுக்குச் சட்டை வாங்கினால் முதல் வேலை, கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் சின்னத் துண்டைப் பிரித்து எடுப்பதுதான். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் ஒருதரம் அதைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டார்கள். சட்டையைக் கழற்றி வீசிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மீசை வைத்த ஆள். மாமனார் திமிர் என்றார். "செல்லம் குடுத்து நானே கெடுத்துட்டேன்" என்று மாமியார் மூக்கைச் சிந்தினார். திமிர் பிடித்தவன் நடுக்கூடத்தில் நின்றல்லவா கத்துவான், மேசைக்கு அடியில் போய் எதற்கு ஒளிய வேண்டும்? நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். தொடவில்லை, பேசவுமில்லை. கொஞ்சம் பொறுத்து அவனாகவே சொன்னான்.

"குத்துது அண்ணி."

அவ்வளவுதான் விஷயம். எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

எழுத்துப் படிக்காத நான் அவனைப் படித்துக்கொண்டேன். பின்னால் வந்து தோளில் கைவைத்தால் துடித்துப் போவான். தட்டில் ஒன்று இன்னொன்றோடு ஒட்டினால் சாப்பாடு இறங்காது. எங்காவது போவதென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் தங்கம். உள்ளதை உள்ளபடி பேசுவான், அதனால் புதுத்துணி உடுத்திக்கொண்டு அவனிடம் அபிப்பிராயம் கேட்கக்கூடாது. நான் கேட்டேன். "நேத்து போட்டிருந்தது நல்லா இருந்துச்சு" என்றான். கோபத்தோடு கண்ணாடியைப் பார்த்தேன். நேற்றுப் போட்டதுதான் நன்றாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. அங்கே படுக்கை விரிப்புகளை மடிப்பது இரண்டு பேர் வேலை. எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். கை சேரும் இடத்தில்தான் வம்பு. எதிராளியின் விரல் பட்டதும் இவன் விட்டுவிடுவான். விரிப்பு தரையில் விழும், மறுபடி துவைக்க வேண்டும். யார்தான் அவனோடு ஜோடி சேருவார்கள்? "இன்னொரு தடவ கீழ போட்டா உன்னை கொதிகலன் பக்கம் அனுப்பிடுவேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்த இரைச்சலில் இவன் அரைநாள் தாங்கமாட்டான்.

அப்போதுதான் ரேடியோ வந்தாள். கூடத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் அது. வாய் ஓயாது. ஒரு கதையைப் பாதியில் விட்டு இன்னொன்றில் நுழைவாள், அதையும் முடிக்கமாட்டாள். ஜோடி மாறிய செருப்போடு வேலைக்கு வருவாள். டீ வாங்கி எங்கோ வைத்துவிட்டு, ஆறிப்போகும்வரை கூடமெல்லாம் தேடுவாள். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. யாரும் சேராத இவனுக்கு யாரும் சேராத அவளை ஜோடியாகப் போட்டார் மேஸ்திரி.

முதல் விரிப்பு வழக்கம்போல விழுந்தது. அடுத்ததை அவள் அவன் கையில் கொடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த இரும்புக் கம்பியில் முனையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"நான் இங்க வச்சுட்டேன். நீங்க எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் எதுவும் விழவில்லை. அவள் பேச்சுவாக்கில் மடிப்பை மறந்தால், "நீலப் பட்டை வெளிய வரணும்" என்று இவன் சொல்லுவான். இதெல்லாம் அவளே பின்னால் எனக்குச் சொன்னது.

"அவ பேச்சு உனக்கு இரைச்சலா இல்லையா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல அண்ணி. சீரா போகுது. பதில் சொல்லணும்னும் கிடையாது."

சிறிது காலம் கழித்து, நான் பாத்திரம் கழுவும்போது வந்து நின்றான். "அண்ணி, நான் அவங்களோட இருக்கணும்."

"எங்கடா?"

"எப்பவும்."

அவளை வளர்த்தது அவள் அக்கா. அக்கா சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று அன்று காலையிலேயே கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனான். நான் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் மாமியார் வீட்டை அழகுபடுத்திவிட்டார். ஜன்னலடியில் இருந்த சோபா எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. கீழ்வீட்டு நாற்காலிகள் மேலே வந்திருந்தன. திரைச்சீலைகூடப் புதுசு.

"அத்தை, அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சோபாவை நகர்த்த அவன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்காவும் தங்கையும் படியேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அவனும் வந்தான். வாசலில் நின்று கூடத்தை ஒரு பார்வை பார்த்தான். திரும்பி இறங்கிப் போய்விட்டான்.

உட்காரப் போன அக்கா நிமிர்ந்துவிட்டாள். "எங்க மூஞ்சிய பாத்ததும் ஓடறவருக்கா நான் தங்கச்சிய குடுக்கணும்? வாடி போகலாம்."

"அக்கா, அவரு நம்ம மூஞ்சிய பாக்கவே இல்ல. ரூமைத்தான் பாத்தாரு" என்றாள் ரேடியோ.

நான் கதவை மறித்து நின்றேன். அவர்கள் அப்போது போயிருந்தால் அவன் இந்தப் பேச்சை ஆயுசுக்கும் எடுத்திருக்கமாட்டான்.

"அந்தப் பக்கத்தை பிடிங்க" என்றேன் அக்காவிடம்.

"எதை?"

"சோபாவை. ஜன்னலுக்குக் கீழ போகணும்."

"நான் பொண்ணு விஷயமா பேச வந்தேனா, சாமான் தூக்க வந்தேனா?"

"ரெண்டும் ஒண்ணுதான். பிடிங்க."

ரேடியோ சிரித்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். தங்கை தூக்கும்போது அக்கா சும்மா நிற்க முடியுமா? முணுமுணுத்தபடி தூக்கினாள். "வந்தவங்கள சுமக்க விட்டுட்டாளே" என்று மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். அவரையும் விடவில்லை. திரைச்சீலையைக் கழற்றச் சொன்னேன். நாற்காலிகள் மாடிப்படிக்குப் போயின.

பிறகு கீழே போனேன். படிக்கு அடியில், மின்சார மீட்டர் பக்கத்தில், நெற்றியைச் சுவரில் வைத்து நின்றிருந்தான். எட்டியே நின்று பேசினேன்.

"தம்பி, எல்லாம் பழைய இடத்துக்கு வந்தாச்சு. உன் மூலையில யாரும் இல்ல. அவங்க கதவோரமா இருக்காங்க. அக்கா ஒரு கேள்வி கேப்பாங்க."

"என்ன கேள்வி?"

"அவள பிடிச்சிருக்கான்னு."

யோசித்தான். வந்தான். சோபாவில் தன் மூலையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். அக்கா கேட்டாள். அவன் ஜன்னலிடமே பதில் சொன்னான்.

"அவங்க வராத நாள்ல விரிப்பெல்லாம் ரொம்ப நீளமா இருக்கு."

அக்காவுக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கத் தங்கையைப் பார்த்தாள். ரேடியோ வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ வாய மூட நான் எத்தன வருஷமா பாடுபட்டிருக்கேன்" என்றாள் கடைசியில். "டீ இருந்தா குடுங்க."

சலவைக்கூடத்துக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு பார்த்துக்கொண்டார்கள். ஒன்று அவன் அறை, ஊசி விழுந்தாலும் தெரியும். இன்னொன்று அவளுடையது, யானை விழுந்தாலும் தேட வேண்டும். அவள் சாவியை அவன்தான் வைத்திருப்பான். வீட்டுக்கு யாராவது வந்தால் பேசுவது அவள் பொறுப்பு. சண்டை போட்டால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான், அவள் வெளியே நின்று அந்தச் சண்டையையும் மறந்து வேறு கதை பேச ஆரம்பித்துவிடுவாள். யார் யாருக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று உறவில் சிலர் கணக்குப் பார்ப்பார்கள். போய் வேலையைப் பாருங்கள் என்பேன்.

இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அக்காவும் தடி ஊன்றி நடக்கிறாள், ஆனாலும் மாதம் தவறாமல் அங்கே போகிறாள். முந்தின நாளே சொல்லி அனுப்புவாள்: எப்போது வருவேன், எங்கே உட்காருவேன், எப்போது கிளம்புவேன். கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு வரும் விருந்தாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சொன்னபடி எழுந்தும்விடுவாள். அவன் அவளுக்கு முன்னால் இறங்கி, தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருவான். சோறு போட்ட எனக்குக்கூட அவன் அதைச் செய்ததில்லை.