அக்காவின் மாவுக்கட்டு

என் வலது மணிக்கட்டைப் போன்ற ஓர் அவசரக்குடுக்கையை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. எங்கள் ஊரான அரவேணுவின் பிரௌசிங் சென்டரில், கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடும் எங்கள் அணியின் ஐவரில் ஒருவனாக நான் இருந்த காலம் அது. எதிரி தலை காட்டினால் போதும், மணிக்கட்டு வெடுக்கென்று மவுஸைத் திருப்பும். குறி அவனைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரில் போய் நிற்கும். அந்தச் சுவரை என்னளவுக்குச் சுட்டவன் நீலகிரியிலேயே கிடையாது.

அந்த மழைக்காலத்தில் அக்கா தேயிலைச் சரிவில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழங்கை வரை மாவுக்கட்டு. விரல்கள் மட்டும் வெளியே. பாத்திரம் கழுவ முடியாது, துணி துவைக்க முடியாது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, தம்பி அங்கே என்னதான் கிழிக்கிறான் என்று பார்த்து வரட்டுமே என அம்மா அவளை என்னோடு அனுப்பினாள்.

இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். மணிக்கட்டு அசையாததால் மவுஸை முழுக் கையாலும் தோளிலிருந்து தள்ள வேண்டியிருந்தது. அதற்கேற்ப மவுஸின் வேகத்தையும் குறைத்துக்கொண்டாள். மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, இஸ்திரி போடுவதுபோல நிதானமாக ஓர் இழுப்பு. குறி எதிரியின் நெற்றியில் போய் உட்காரும்.

“ஏனுங்க அம்மிணி, பக்கத்து மேசையையும் சேத்துப் போட்டுரட்டுங்களா?” என்றார் சென்டர்க்காரர்.

இரண்டே வாரத்தில் அணியில் என் இடம் அவளுக்குப் போனது. கோத்தகிரிப் பையன்களோடு மேட்சுக்கு ஒரு மாதம் இருந்தது. இடத்தை மீட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மர ஸ்கேலை மப்ளரால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சோப்பு டப்பாவைத் தள்ளித் தள்ளிப் பழகினேன். தோள் வலியில் சோற்றுக் கவளம் வாய்க்கு ஏறவில்லை. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பா, பையனை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று அம்மாவிடம் விசாரித்தார்.

அக்கா மட்டும் நின்று பார்த்தாள். “டேய், அது சோப்பு டப்பா. ஓடிப் போயிராது. மெதுவாத் தள்ளு.”

மேட்சுக்கு முந்தைய வியாழக்கிழமை அவளுக்குக் கட்டுப் பிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பாத்திரங்கள் அவளிடம் திரும்பின. ஞாயிறன்று பையன்கள் வாசலையே பார்த்துக் காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். ஸ்வெட்டர் கைக்குள் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். எல்லாச் சுற்றும் சேர்த்துப் பதினொரு பேரைச் சுட்டேன். சுவர் பிழைத்தது. ஜெயித்தோம்.

வீட்டுக்கு ஓடிவந்து சமையலறை வாசலிலேயே அறிவித்தேன்: “கட்டுப் போனதும் உன் குறியும் போயிருச்சு. அதான் பயந்துட்டு வரலே.”

“எத்தனை?” என்றாள் அக்கா.

சொன்னேன்.

“பரவால்லியே” என்று ஈரத்துணியை எடுத்தாள். சமையல் மேடையின் ஒரு கோடியில் வைத்து மறு கோடிவரை இழுத்தாள். தோளிலிருந்து, நிதானமாக, ஒரே இழுப்பு. கட்டில்லாத மணிக்கட்டு இம்மியும் அசையவில்லை.

மேடை துடைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.