செலின் அக்கா எதிர்த்துப் பேசிய வரி

கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை அலுமினியச் சட்டியில் போட்டு உருக்கும்போது எழும் வாசனை, தேனும் புகையும் கலந்தாற்போல மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாத விடுமுறை முழுக்க என் பாவாடையில் அந்த வாசனைதான் இருந்தது. எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த உதவிப் பங்குத்தந்தையை எல்லோரும் 'சின்னச் சாமி' என்றுதான் கூப்பிடுவோம். அவர் உருகிய மெழுகை உடைந்த சிலேட்டுச் சட்டங்களில் ஊற்றி ஆறவைத்து, ஆளுக்கொன்று கொடுத்து, தென்னை ஈர்க்கால் அதில் கீறி எழுதச் சொன்னார். எழுதியது லத்தீன்.

பூசையிலிருந்து லத்தீன் விடைபெற்று அதற்குள் பல வருஷமாகியிருந்தது. சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போகக்கூடிய பையன்கள் நாலு பேருக்காவது அது தெரிந்திருக்கட்டும் என்று, பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குப் பின்னால் அவர் வகுப்பு தொடங்கினார். பையன்களோடு நானும் என் அக்கா செலினும் போய் உட்கார்ந்தோம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினான்கு. "பொட்டப் பிள்ளைங்களுக்கு எதுக்கு சாமி லத்தீன்?" என்று ஒரு பையனின் தகப்பனார் கேட்டபோது சின்னச் சாமி, "வந்துட்டாங்க, உக்காரட்டுமே" என்றதோடு விட்டுவிட்டார்.

அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால், ஐரோப்பாவில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பையன்கள் கையில் முதலில் கொடுத்தது இரண்டிரண்டு வரியாக அமைந்த நீதி வாக்கியங்களைத்தான் என்று அவர் சொன்னார். வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, மெழுகுப் பலகையில் எழுதி, எது பெயர்ச்சொல் எது வினைச்சொல் என்று பிரித்துப் பிரித்தே அவர்கள் அந்தப் பாஷைக்குள் நுழைந்தார்களாம். எனக்குக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. தப்பாகச் சொன்னால் அடி விழுமா? விழும், பிரம்பாலேயே விழும் என்றார். வரிகளில் ஏசுநாதர் பேரே வரவில்லையே? அவற்றை எழுதியது கிறிஸ்தவரே இல்லை, ஆனாலும் சாமியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அந்த ஊரில் வெயில் எப்படி என்றும் கேட்டேன், ஏனென்றால் புதுச்சேரி வெயிலில் பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் மெழுகு இளகி, எழுதியதெல்லாம் ஒன்றோடொன்று இழைந்துபோகும்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீடு சரியாக இல்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது, மறுபடி திறப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி அருளப்பன் சித்தப்பா ஒரு யோசனையோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அப்படிப்பட்ட ஒரு சொல்தாவின் மகன் குடும்பம் பிரான்சில் இருக்கிறது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம்மூர்ப் பெண் ஒன்று வேண்டுமாம், செலினை அனுப்பினால் நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்றார். அப்பாவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

அம்மா வேண்டாம் என்றாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கடலோர வீராம்பட்டினத்துக்காரியின் மகளை இதே குடும்பம்தான் முன்பு அழைத்துப்போயிருந்தது, அந்தப் பெண் பாதியில் திரும்பிவிட்டாள், ஏனென்று கேட்டால் தாய்க்காரி அழுகிறாள் என்று அம்மா சொல்லச் சொல்ல அப்பாவுக்குக் கோபம்தான் ஏறியது.

"மீன் கூடையோட வர்ற கதையெல்லாம் நம்புவியா நீ? என் தம்பின்னா உனக்கு ஆவாது, அதான் விஷயம்."

அக்கா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

விடுமுறை முடிகிற வாரம், பெற்றோர்களைக் கூப்பிட்டு நாங்கள் படித்ததைக் காட்ட வேண்டும் என்று சின்னச் சாமி ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெரிய மாணவர்கள் ஒரு கருத்தை எடுத்து ஒருவன் ஆதரித்தும் இன்னொருவன் எதிர்த்தும் பேசிப் பழகுவார்கள், நாமும் அதையே தமிழில் செய்வோம் என்றார். எந்த வரி என்று கேட்டதும் அக்கா எழுந்தாள். நாங்கள் படித்தவற்றில் ஒன்று, மனைவி கொண்டுவரும் புகாரைக் கணவன் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. எடுத்துக்கொள்ளவே வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். "அதை நான் எதிர்த்துப் பேசறேன் சாமி" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். சின்னச் சாமி சிரிக்கவில்லை.

அன்றைக்கு அப்பா வந்திருந்தார். அம்மா வரவில்லை. கபிரியேல் என்ற பையன் வரியை லத்தீனில் கணீரென்று சொல்லி, வீட்டில் சண்டை வராமலிருக்க அதுதான் வழி என்று பேசிக் கைதட்டல் வாங்கினான். அடுத்து அக்கா. வரியை அவளும் பிசகாமல் சொன்னாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகத் தமிழில் தொடங்கினாள்.

"இதை எழுதினவரு ஒரு ஆம்பள. படிச்சதும் ஆம்பளப் பசங்க. வீட்டுல இருக்கிறவங்க கிட்ட யாரும் கேக்கல. பகலெல்லாம் வாசல்ல யாரு வரா, யாரு போறா, யாரு வீட்டுல என்னா நடக்குதுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். அவங்க சொல்றது பொய்யாக்கூட இருக்கலாம். அப்படின்னா போய்ப் பாத்துட்டு வந்து பொய்யின்னு சொல்லட்டும். பாக்காமலே பொய்யின்னு சொன்னா, அந்த வீட்டுப் பொண்ணுக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?"

யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. யாரும் கைதட்டவில்லை. சின்னச் சாமி மட்டும் மெதுவாக, "இதுக்கு யாராவது பதில் சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மடியிலிருந்த துண்டை அவர் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், மதியச் சோற்றுக்குத்தான் வந்தார். செருப்பெல்லாம் கடற்கரை மணல். அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம், "வீராம்பட்டினம் போய்ட்டு வந்தேன்" என்றார்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பொண்ணு நிமிர்ந்து மூஞ்சப் பாக்க மாட்டேங்குது. நம்ம செலின் வயசுதான் இருக்கும். நீ சொன்னது சரிதான்."

சாயங்காலம் சித்தப்பாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா முறைத்துக்கொண்டு போய் வருஷக்கணக்கில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மில் திறக்கத் தாமதமானது, அந்த வருஷம் எங்கள் வீட்டில் கஞ்சி நிறையவே குடித்தோம். ஆனால் ஜூனில் அக்கா பள்ளிக்கூடம் போனாள். அம்மா ஏதாவது சொல்லத் தொடங்கினால் அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கும் வழக்கமும் அந்த வருஷத்தில் வந்ததுதான்.

இப்போது அப்பா அம்மா இருவரும் இல்லை. மில் இல்லை. அந்த அறையை இடித்து வண்டி நிறுத்தத் தளம் போட்டிருக்கிறார்கள். சின்னச் சாமி மறுவருஷமே வேறு பங்குக்கு மாற்றலாகிப் போனார், லத்தீன் வகுப்பும் அதோடு நின்றது. அதன்பிறகு இந்த ஊரில் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு நீதியைச் சொல்லி, இதை எதிர்த்துப் பேசு என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அக்கா தவளக்குப்பத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று அங்கேயே வீடு கட்டிக்கொண்டாள். போன மாதம் போனபோது, அந்த லத்தீன் வரியை இப்போது சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லடி" என்றாள். "கால் நடுங்குச்சு பாரு, அதுதான் ஞாபகம் இருக்கு. பாவாடை மறைச்சிடுச்சு, உங்களுக்கெல்லாம் தெரியல."